பாசறையின் தடம்

கோட்டை பல நூற்றாண்டு நிற்கும். வழிநடையில் படை ஓரிரவு தங்கிய பாசறை எதனை விட்டுச் செல்லும்?

உரோமப் படைவீரர் மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் சுற்றிலும் அகழி தோண்டுவர். அம்மண்ணை உட்புறம் கரையாகக் குவித்து, சுமந்துவந்த முளைகளை அதன்மேல் நடுவர். எண்மருக்கு ஒரு தோற்கூடாரம். படை பெயர்ந்தபின் அகழி மெல்லத் தூர்ந்துவிடும். ஆனால், தூர்ந்த இடத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால், வறண்ட கோடையிலும் அதன்மேல் உள்ள பயிர் மட்டும் பசுமை மாறாது நிற்கும். வானூர்தியிலிருந்து நோக்கினால், மூலை வளைந்த நீள்சதுரம் ஒன்று பச்சைக் கோடாகத் தெரியும். இரண்டாம் உலகப்போருக்குப்பின் கேம்பிரிட்ஜ் அறிஞர் செயின்ட் ஜோசப் பிரித்தானியாவில் பல பாசறைகளை இவ்வாறே கண்டறிந்தார்.

இம்முறை நம் காவிரிப் படுகைக்குப் பொருந்துமா? நீர் தேங்கிய நஞ்சையில் ஈரமண் எது, உலர்மண் எது? 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து நாகூர், கீவளூர், திருவாரூர் வழியாகத் தஞ்சைமேற் சென்றார். முற்றுகை பயனின்றி ஆகஸ்டில் காரைக்காலுக்கே மீண்டார். அப்படை தங்கிய இடங்களைக் காட்டுமாறு மாணவர் என்னைக் கேட்டதுண்டு. நெல்வயலைத்தான் காட்ட முடிந்தது.

ஆயினும், மண்ணில் கிட்டாதது ஏட்டில் கிட்டுகிறது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு; 103 அடிகள். பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். காரைக்காலுக்கு வடக்கே, இதே கடற்கரையில் உள்ளது அவ்வூர். காட்டைத் திருத்தி, முள்வேலி வளைத்து, தழைக்கூரைகளைத் தெருவாக நிறுத்தி, நாற்சந்தியில் யானையைக் காவல் வைத்த பாசறையை அவர் காட்டுகிறார். நீரால் நாழிகை அளந்து பொழுது அறிவிப்போரும் அங்கு உளர். அரசன் தங்கும் இல்லைப் புனைந்தவரோ யவனர்!

உடனே உரோமப் படைவீரர் என்று முடிவு கட்டிவிடலாகாது. யவனர் என்னும் சொல் கிரேக்கரையும் உரோமரையும் ஒருசேரக் குறித்தது. மேலும், புலவர் தந்தது நிலஅளவைப் படம் அன்று. தலைவனைப் பிரிந்து வருந்தும் தலைவியின் பாட்டில் அது ஒரு பகுதி. எனினும் வேலி, தெரு, சந்தி, நாழிகை என்ற நுணுக்கங்கள் காதற்பாட்டுக்கு இன்றியமையாதன அல்ல. பாசறையை நேரிற் கண்டார் ஒருவர் கூற்று இதில் கலந்துள்ளது என்றே நான் கருதுகிறேன். உரோமர் கரை மண்ணால் ஆனது. நம்மவர் வேலி முள்ளால் ஆனது. முள் சில மழைக்குள் மட்கிவிடும்.

நூலகத்தில் நச்சினார்க்கினியர் உரையுடன் அப்பகுதியைப் படித்து, பாசறையைத் தாளில் வரைந்து பாருங்கள். யானை எவ்விடத்தில் நின்றது என்பதிலேயே உங்களுக்குள் வழக்கு எழும்.