ஆர்மாமலை ஆடு

மலையுச்சி மடங்களைப் பார்க்கக் கிரேக்க தேசத்து மெட்டியோராவுக்குப் போகிறவர்கள் உண்டு. மாதனூர்க்காரர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். ஆம்பூரைத் தாண்டி மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வழிகாட்டி, ஆடு மேய்க்கும் பையன்.

ஆதிமனிதன் பாறையில் உருவங்கள் எழுதிவிட்டுப் போன இடம். 8-ஆம் நூற்றாண்டில் சமணர்கள் பச்சை மண்செங்கல்லால் சுவர் எழுப்பி அதைக் கோயிலாக்கினார்கள். கூரையில் சித்தன்னவாசல் சாயலில் வண்ண ஓவியம் தீட்டினார்கள். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது.

“மேலே பாருங்க சார், ஆடு!” என்றான் பையன்.

அது அக்னி தேவனின் வாகனம் என்று விளக்கிக்கொண்டே, கூரை தாழ்ந்திருந்த இடத்தில் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க சார், கொட்டிடும்!”

சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். சுமார் 1,200 ஆண்டு நின்ற சித்திரம், சரித்திரம் படித்த என் விரலுக்கும் தப்பியது, அவன் தயவால். நீங்களும் போய்ப் பாருங்கள். கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.