தைராய்டு கணக்கில் விடுபட்டவர்கள்: இந்தியாவில் நோய்ப் பரவலும் சமூகநீதிக் கேள்வியும்

இந்தியாவில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாக நாளேடுகளும் பரிசோதனைக் கூடங்களின் விளம்பரங்களும் தொடர்ந்து கூறிவருகின்றன. அரசு நடத்தும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ, பெண்களில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு மட்டுமே இக்குறைபாடு உள்ளதாகக் காட்டுகிறது. ஒரே நாட்டைப் பற்றிய இரு கணக்குகள் இவ்வளவு வேறுபடுவது ஏன்? எவர் எண்ணப்பட்டனர், எவர் விடுபட்டனர்? மருத்துவப் புள்ளியியலுக்குள் அடங்கிவிட்டதாகத் தோன்றும் இக்கேள்விகள், நலவாழ்வு உரிமை குறித்த கேள்விகளும் ஆகும்.

நோயும் அதன் அளவீடும்

கழுத்தின் முன்பகுதியில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, உடலின் ஆற்றல் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் இயக்குநீர்களைச் சுரக்கிறது. சுரப்பு குறைந்தால் இடைவிடாத சோர்வு, உடல் எடை கூடுதல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு ஆகியவை தோன்றும். சுரப்பு மிகுந்தால் படபடப்பு, எடை இழப்பு, கை நடுக்கம் ஆகியவை காணப்படும். இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது குறைசுரப்பே.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்ட டி.எஸ்.எச். என்னும் இயக்குநீரை அனுப்புகிறது. தைராய்டு தளரும்போது இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு உயரும். அது உயர்ந்து, தைராய்டின் சொந்த இயக்குநீர் குறைந்திருந்தால், அது வெளிப்படையான குறைசுரப்பு. டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்து மற்றது இயல்பாக இருந்தால், அது மறைநிலைக் குறைசுரப்பு. மறைநிலையில் உள்ள அனைவருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. பலருக்குக் கண்காணிப்பே போதும். ஆகவே, இவ்விரு நிலைகளையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் விளம்பரங்களை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

எட்டு நகரங்களின் கணக்கு

இந்தியாவைப் பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளியானது. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், மும்பை, கோவா, அகமதாபாத், டெல்லி, கொல்கத்தா ஆகிய இடங்களில் 5,376 பேரிடம் இரத்தப் பரிசோதனையுடன் அது நடத்தப்பட்டது. மருந்து நிறுவனம் ஒன்றின் ஆதரவுடன் நடந்த ஆய்வு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதன்படி குறைசுரப்பு உள்ளவர்கள் 10.95 சதவீதம். பெண்களில் 15.86 சதவீதம்; ஆண்களில் 5.02 சதவீதம். மறைநிலைக் குறைசுரப்பு தனியாக 8.02 சதவீதம். கடற்கரை நகரங்களில் 9.45 சதவீதமாக இருந்த குறைசுரப்பு, உள்நாட்டு நகரங்களில் 11.73 சதவீதமாக இருந்தது.

இவற்றுள் நாம் நின்று கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. ஆய்வில் பங்கேற்ற அனைவரிலும் 7.48 சதவீதத்தினர் தமக்குக் குறைசுரப்பு இருப்பதை முன்பே அறிந்திருந்தனர். மேலும் 3.47 சதவீதத்தினர், இந்த ஆய்வுக்காக இரத்தம் கொடுத்த பிறகே அதை அறிந்தனர். அதாவது, மருத்துவமனைகள் நிறைந்த பெருநகரங்களிலேயே நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தம் நோய் தெரிந்திருக்கவில்லை.

கேரளத்தின் கொச்சியில் 971 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், குறைசுரப்பு 3.9 சதவீதமாகவும், மறைநிலைக் குறைசுரப்பு 9.4 சதவீதமாகவும் இருந்தன. இத்தகைய ஆய்வுகளிலிருந்து கணித்தே, இந்தியாவில் சுமார் 4.2 கோடிப் பேருக்குத் தைராய்டு நோய்கள் உள்ளன என்ற மதிப்பீடு புழக்கத்திற்கு வந்தது. அது மதிப்பீடு, வீடு வீடாக எண்ணிப் பெற்ற தொகை அல்ல.

கேட்டு எழுதிய கணக்கு

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் முறை வேறு. முன்கழுத்துக் கழலையோ வேறு தைராய்டு குறைபாடோ தற்போது உள்ளதா என்று கேட்டு, சொல்லப்படும் விடையை அது பதிவு செய்கிறது. 2019-21இல் இரத்தச்சோகைக்கும் சர்க்கரைக்கும் இரத்தம் எடுத்துச் சோதித்த அக்கணக்கெடுப்பு, டி.எஸ்.எச். சோதனை செய்யவில்லை. 2015-16இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 2.2 சதவீதத்தினரும், ஆண்களில் அரை சதவீதத்திற்கும் குறைவானவர்களும் ஆம் என்றனர். 2019-21 கணக்கெடுப்பில் பெண்களின் விகிதம் 3 சதவீதத்தை நெருங்கியது.

இங்கு ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்தால் எண் கூடும், கேட்டு எழுதினால் குறையும் என்பது முழு விளக்கமாகாது. எட்டு நகர ஆய்விலும் தம் நோயை முன்பே அறிந்திருந்தவர்கள் 7.48 சதவீதம். அறிந்தவர்களை அறிந்தவர்களோடு ஒப்பிட்டாலும் பெருநகரத்துக்கும் நாடு முழுமைக்கும் இடையே பெரிய இடைவெளி எஞ்சுகிறது. வயது வரம்பு வேறுபட்டதும் இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், ‘எனக்குத் தைராய்டு உள்ளது’ என்று ஒருவர் சொல்ல, அவரை யாரேனும் முன்பே சோதித்திருக்க வேண்டும் என்பது.

குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவுகளே இதைச் சுட்டுகின்றன. கிராமப் பெண்களைவிட நகரப் பெண்களும், ஏழைக் குடும்பப் பெண்களைவிட வசதி மிகுந்த குடும்பப் பெண்களும் தமக்குக் குறைபாடு இருப்பதாகக் கூடுதலாகக் கூறியுள்ளனர். இதைப் படித்துவிட்டு, தைராய்டு நோய் வசதி படைத்தவர்களின் நோய் என்ற முடிவுக்கு வருவது பெரும் பிழை. சோதனை எட்டிய இடத்தில் நோய் பதிவாகிறது. எட்டாத இடத்தில் நோயாளி, நோயற்றவர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்.

விடுபட்டவர்கள் யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் நாட்டின் மக்கள்தொகையில் 16.6 சதவீதம், அவர்களில் நான்கில் மூவர் கிராமங்களில் வாழ்கின்றனர். பழங்குடியினரில் பத்தில் ஒன்பது பேர் கிராமவாசிகள். பெருநகரங்களில் மட்டும் இரத்தம் எடுக்கும் ஆய்வு, தொடக்கத்திலேயே இம்மக்களில் பெரும்பாலோரைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. எட்டு நகர ஆய்வு சாதிவாரியான முடிவுகளையும் வெளியிடவில்லை.

தலித் பெண்களிடம் இந்நோய் கூடுதல் என்று நான் வாதிடவில்லை. அதற்கும் அளந்து பெற்ற சான்று வேண்டும். அளக்காமல் விடப்பட்ட ஒரு மக்கள் பிரிவைப் பார்த்து ‘இங்கு நோய் குறைவு’ என்று திட்டமிடுவதற்கு அரசுக்கு உரிமையில்லை என்பதே என் வாதம்.

இதன் விளைவு அன்றாட வாழ்வில் கொடியது. குறைசுரப்பின் முதல் அறிகுறி சோர்வு. 2019-21 கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை உள்ளது. அதன் அறிகுறியும் சோர்வே. ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. வயலில் அவரது வேகம் குறைந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர் சூட்டப்படும், கூலி குறையும். அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணின் சோர்வு இரத்தப் பரிசோதனைக்கு இட்டுச்செல்கிறது. துப்புரவுப் பணியிலோ நடவிலோ இருக்கும் பெண்ணின் சோர்வு ஏச்சுக்கு இட்டுச்செல்கிறது. கருவுற்ற காலத்தில் கவனிக்கப்படாத குறைசுரப்பு, கருச்சிதைவுக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் காரணமாகலாம் என்பதால், இழப்பு அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது.

அளந்ததால் கிடைத்த தீர்வு

முறையாக அளந்தால் கொள்கை மாறும் என்பதற்கு இதே நோயின் வரலாறு சான்று. இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், வி. இராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அப்பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டில் அயோடின் கலந்த உப்பும் ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கினர். அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளில் கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது.

அத்திட்டமும் முழுமையடையவில்லை. 2018-19ஆம் ஆண்டு இந்திய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதிய அளவு அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நாட்டில் 76.3 சதவீதம். உப்பு உற்பத்தியில் முன்னணியில் உள்ள தமிழ்நாட்டில் 61.9 சதவீதம் மட்டுமே. எனினும், இன்று காணப்படும் குறைசுரப்பை அயோடின் பற்றாக்குறையால் மட்டும் விளக்கிவிட முடியாது. எட்டு நகர ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்தன. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தன் சுரப்பியைத் தாக்கும் இந்நிலைக்கு உப்பு தீர்வாகாது. சோதனையும் மாத்திரையும் வேண்டும்.

சட்டம் சொல்வது

1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில், அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தரத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சுகாதார மேம்பாட்டை அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக 47ஆம் பிரிவு வகுக்கிறது. மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நுழைவதைத் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரிய குற்றம். குறைசுரப்புக்கான லெவோதைராக்ஸின், தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. மலிவான மாத்திரை அது. ஆனால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், நாள்தோறும் உட்கொள்ள வேண்டியது. ஒரு மாதம் இருப்பு இல்லாமல் போனாலும் சிகிச்சை முறியும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. தேசியக் கணக்கெடுப்பு எடுக்கும் இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் சாதி, பாலினம், வருவாய், கிராமம், நகரம் எனப் பிரித்து வெளியிடப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்த மாதிரி எடுக்கவும், மாத்திரை தடையின்றிக் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

இதற்காகக் காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய பணியும் உண்டு. உங்கள் ஒன்றியத்தின் அரசு மருத்துவமனையில் கடந்த ஆண்டு எத்தனை தைராய்டு சோதனைகள் செய்யப்பட்டன, எத்தனை நாள்கள் மாத்திரை இருப்பில் இல்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். சட்டப்படி முப்பது நாள்களுக்குள் விடை வர வேண்டும். அந்த விடை ‘தரவு இல்லை’ என்று வந்தால், அதுவே உங்கள் அடுத்த மனுவின் முதல் ஆவணம்.