குடிவழிச் செல்வமும் ஆன்ம வாழ்வும்



நிலமும் வீடும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகின்றன. பேசும் மொழியும் தாயின் மடியிலேயே வந்துவிடுகிறது. ஆனால் சமய நம்பிக்கை அவ்வாறு வருமா? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவத் தமிழ் வரலாற்றிலிருந்து இரு புலவர்களின் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டி விடை கூற விரும்புகிறேன்.

முதலில் திருச்சபையின் வழக்கத்தைக் காண்போம். பல சபைகளில் பெற்றோரின் நம்பிக்கையை முன்னிட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கின்றனர். எனினும் அத்துடன் முடிந்துவிட்டதாக அச்சபைகள் கருதுவதில்லை. பிள்ளை அறிவறியும் பருவம் எய்தியபின், தன் வாயாலேயே நம்பிக்கையை அறிக்கையிடும் திடப்படுத்தல் என்னும் சடங்கு பின்னர் நிகழ்கிறது. பெற்றோர் அளித்ததைப் பிள்ளை தானாக ஏற்கவேண்டும் என்பதே இதன் கருத்து. தீமோத்தேயு என்னும் இளைஞனுக்கு எழுதப்பெற்ற இரண்டாம் நிருபமும் இதனையே காட்டுகிறது. அவனுடைய பாட்டி லோவிசாளிடத்தும் தாய் ஐனிக்கேயாளிடத்தும் விளங்கிய விசுவாசத்தை அந்நிருபம் நினைவூட்டுகிறது. உடனே, அவன் பெற்ற வரம் அவியாதபடி பேணுவது அவன் கடன் என்றும் வற்புறுத்துகிறது.

இனி முதற் புலவரிடம் வருவோம். அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தவர். அவருடைய தந்தையார் தேவசகாயம் பிள்ளை, சைவ வேளாளர் குடியில் தோன்றிக் கிறிஸ்து சமயத்தைத் தழுவியவர். ஆகவே மகனுக்குக் கிறிஸ்தவ நம்பிக்கை வீட்டிலேயே கிடைத்த செல்வமாயிற்று. நெல்லைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் அறிவைக் கண்டு வியந்து, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அரியணை ஏறிய சரபோஜியும் அவ்வையரிடமே பயின்றார். இளமையில் ஏற்பட்ட அந்த நட்பு இருவர் வாழ்விலும் நெடுநாள் நிலைத்தது.

சாஸ்திரியார் தந்தையிடம் பெற்ற நம்பிக்கையைப் பேழைக்குள் வைத்துப் பூட்டவில்லை. தமிழ் மக்கள் நன்கறிந்த குறவஞ்சி என்னும் நாடக வடிவை எடுத்துக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குற்றாலநாதரைத் தலைவராகக் கொண்டு திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய நாடல்லவா நெல்லை? அந்நாட்டில் பிறந்த இப்புலவர் கிறிஸ்துவைத் தலைவராகவும் திருச்சபையைத் தலைவியாகவும் அமைத்தார். தாம் கற்ற வானநூல், புவிநூல் செய்திகளையும் அதில் புகுத்தினார். கீர்த்தனைகளும் காலட்சேபங்களும் இயற்றி, அவற்றைப் பாடிப் பரப்பினார். 1864-இல் அவர் மறைந்த பின்னும், சாஸ்திரியார் என்னும் பட்டமும் பாடும் தொண்டும் அவர் வழியினரிடத்தே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன.

இரண்டாம் புலவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில், ஆழ்ந்த வைணவப் பற்றுடைய குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்த புலமை மிக்கவர். அவ்வில்லத்தில் மகன் பருகியது கம்பன் கவியமுதமும் திருமால் பக்தியுமாகும். 1853-இல் அவர் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். அங்கே அமர்ந்ததனால் அவர் உடனே மனம் மாறினார் அல்லர். தம் முன்னோர் நெறியிலேயே உறுதியாக நின்றார். கிறிஸ்து நெறியைத் தழுவிய நண்பர்களுடன் உரையாடியும், சமய நூல்களைக் கற்றும், பல ஆண்டு உள்ளப் போராட்டத்தின் பின்னரே முடிவுக்கு வந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார்.

அக்காலத்தில் இம்முடிவு எத்துணைக் கடினமானது என்பதை இன்றைய மாணவர் எண்ணிப்பார்க்க வேண்டும். சமயம் மாறியவன் சுற்றத்தாரின் பந்தியையும், இல்லத்துச் சடங்குகளில் தனக்குரிய இடத்தையும் இழக்க நேரிடும். தாய் உயிரோடிருக்கையிலேயே அவள் கண்ணீருக்குக் காரணமாவான். எனினும் பிள்ளையவர்கள் தந்தை தந்த தமிழைத் துறக்கவில்லை. ஜான் பன்யன் என்னும் ஆங்கிலேயர் 1678-இல் உரைநடையில் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தைச் செய்தார். ஐந்து பருவங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அந்நூல் 1894-இல் வெளிவந்தது. அதன் நடையிலும் வருணனையிலும் கம்பன் மணம் கமழ்கிறது. காப்பியத்தினிடையே தேவாரம் என்ற பெயராலேயே பக்திப் பாக்களும் அமைந்தன. கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுவது இதனாலன்றோ? திருமால் பக்தியில் கசிந்த நெஞ்சமே பின்னர்க் கிறிஸ்துவின் சிலுவைப் பாடுகளை நினைந்து உருகிற்று. 1900-இல் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இவ்விருவரையும் ஒப்பிட்டு நோக்குங்கள். முன்னவர் தந்தையிடம் நம்பிக்கையைப் பெற்றார். பின்னவர் தந்தையிடம் தமிழைப் பெற்று, நம்பிக்கையைத் தாமே தேடிக்கொண்டார். ஆயினும் முன்னவரும் நம்பிக்கையைத் தம் பாட்டால் தமதாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னவரும் புதுநெறியைத் தம் முன்னோர் மொழியிலேயே பாடவேண்டியிருந்தது. பெற்றதும் தேடியதும் கலந்தபோதுதான் இருவருடைய பாட்டும் பிறந்தது.

ஆனால் முன்னோர் தருவன அனைத்தும் பொன்னாகுமா? இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தல் தகாது. தஞ்சைத் திருச்சபையில் சாதி வேற்றுமை கூடாதென்று பிற்கால மிஷனரிமார் முயன்றபோது, அதனை எதிர்த்துப் பேனா பிடித்தவர்களுள் சாஸ்திரியாரும் ஒருவர். நம்பிக்கையோடு சாதி வழக்கத்தையும் முன்னோர் சொத்தெனப் பேண அவர் விரும்பினார். அப்பூசலில் அவர் சபைப்பணியை இழந்தார். சரபோஜி மன்னர் ஆதரவளித்தார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் வில்சன் சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டுமென ஆணையிட்டார். சாஸ்திரியாரின் பாடல்களைப் பிற்காலத் திருச்சபை தலைமேற்கொண்டது. அவருடைய சாதி வாதத்தையோ கோட்பாட்டளவில் தள்ளிற்று. வழக்கத்திலிருந்து அவ்வேற்றுமை முற்றும் நீங்கவில்லை என்பது நாம் வெட்கத்தோடு ஒப்ப வேண்டிய செய்தி.

குடும்பம் தருவது மூட்டையாக வருகிறது. அதில் மணியும் உண்டு, பதரும் உண்டு. பாட்டனார் வைத்தது என்பதற்காகப் பதரைக் காப்பது பக்தியாகாது. புதுமை வேண்டும் என்பதற்காக மணியைக் கொட்டுவதும் அறிவாகாது. இவ்வுண்மை கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. எந்நெறியில் பிறந்த மாணவர்க்கும் பொருந்தும். உங்கள் இல்லத்தில் நீங்கள் பெற்றது எது என்று முதலில் நன்கு அறிந்துகொள்ளுங்கள். அதன் பின்னர் எதை ஏற்பது, எதை விடுப்பது என்று உங்கள் நெஞ்சைச் சான்றாக வைத்து முடிவு செய்யுங்கள். அம்முடிவை உங்களுக்காக வேறொருவர் செய்துதர இயலாது.