செட்டிநாட்டு முட்டைப் பூச்சு

செட்டிநாட்டு முட்டைப் பூச்சு என்பது நகரத்தார் வீடுகளின் சுவர்களிலும் தூண்களிலும் காணப்படும் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்குகளாகப் பூசி, முட்டையின் வெள்ளைக்கரு சேர்ந்த இறுதி அடுக்கைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது இதன் முறை. புதுக்கோட்டை மாவட்டத்தின் அரிமளம், ராயவரம், கடியாபட்டி முதலிய ஊர்களிலும், சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, கானாடுகாத்தான் வட்டாரத்திலும் நூறாண்டு கடந்த பூச்சுகளை இன்றும் காணலாம்.

பின்னணி

அரிமளம் நகரத்தாரின் ஊர்களுள் ஒன்று. இந்திய விடுதலைக்குப் பின் 1948ல் இணைக்கப்படும்வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டித்தொழில் செய்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை இவ்வட்டாரத்தில் பெரிய வீடுகளைக் கட்டினர். தேக்கு பர்மாவிலிருந்தும், சலவைக்கல்லும் கண்ணாடியும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் வந்தன. சுவரின் பளபளப்பு மட்டும் உள்ளூர்ப் பொருட்களால் உள்ளூர்க் கொத்தனார்களின் கையால் உருவானது.

முன்னோடிகள்

இம்முறை செட்டிநாட்டில் மட்டும் வழங்கியதல்ல. மதுரையில் 1636ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் அரண்மனையின் வழுவழுப்பான சுதை வேலையிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கப்பட்டதாக மரபாகக் கூறப்படுகிறது.

ஆங்கிலேயர் இதை ‘மெட்ராஸ் சுனாம்’ என்று அழைத்தனர். செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய குறிப்பு 1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. சம அளவு மணலும் சுண்ணாம்பும், 20 பவுண்டு வெல்லம் கரைத்த நீர், பயறு வேகவைத்த கஞ்சி, கடுக்காய் வேகவைத்த நீர் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. 1780ல் சென்னைக்கு வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், இங்குள்ள கட்டடங்களின் பூச்சு சலவைக்கல்லைப் போலத் தோன்றுவதைத் தம் பயண நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

கல்லால் தேய்த்து மெருகேற்றும் சுண்ணாம்புப் பூச்சு ராஜஸ்தானில் ‘ஆராய்ஷ்’ என்றும், மொராக்கோவில் ‘தாதெலாக்’ என்றும் வழங்குகிறது.

செய்முறை

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீரூற்றித் தாளித்துப் பல நாட்கள் ஊறவிடுவர். ஊறிய சுண்ணாம்பை மணலுடன் சேர்த்து, மாடு கட்டி இழுக்கும் வட்டத் தொட்டியில் கல் உருளையால் அரைப்பர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரே இதில் ஊற்றப்படும். கருப்பட்டி சாந்தை இளக்கிப் பூசுவதற்கு எளிதாக்கும். கடுக்காயில் துவர்ப்புப் பொருள் மிகுதி. வெள்ளைக்கரு நுண்துகள்களைப் பிணைக்கும்.

அடிப்பூச்சில் பருமணல் இருக்கும். மேலே செல்லச் செல்ல மணல் குறைந்து சாந்து நைசாகும். மணியாசுக் கட்டையால் மட்டம் செய்த ஒவ்வோர் அடுக்கும் ஓரளவு இறுகிய பிறகே அடுத்தது ஏறும். கடைசி அடுக்கு, அம்மியில் அரைத்துத் துணியில் சலித்த வெண்சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும் கலந்த மெல்லிய பூச்சு.

மெருகு

இறுதிப் பூச்சு ஈரம் முழுதும் வற்றுவதற்குள், வழவழப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தொட்டால் சாந்து கல்லோடு ஒட்டி வரும். தாமதித்தால் பரப்பு இறுகிப்போய்க் கல்லுக்கு இணங்காது. அந்த இடைவெளி வெயில், காற்று, சுவர் இருக்கும் திசை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். விரல் நுனியால் தொட்டு அதை அறிவதே கொத்தனாரின் தேர்ச்சி. தேய்க்கும்போது வியர்க்கும் ஈரத்தை ஒற்றியெடுக்க மாக்கல் பொடியைத் துணியில் கட்டித் தட்டும் வழக்கமும் இருந்தது.

தேய்ப்பதால் மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் மறைந்து, நுண்துகள்கள் நெருங்கிப் படிகின்றன. ஒளி சிதறாமல் திரும்புவதால் பளபளப்பு தோன்றுகிறது. பின்னர் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஆகவே இந்த மெருகு மேலே தடவிய பொருள் அல்ல, சுவரின் உடம்பிலேயே உருவானது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், வண்ணம் தேவைப்படாது.

வீழ்ச்சி

1930களின் பொருளாதார மந்தமும், 1942ல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் நகரத்தாரின் வெளிநாட்டுச் செல்வத்தைக் குலைத்தன. புதிய வீடுகள் எழுவது நின்றது. அதே காலத்தில் சிமெண்ட் அருகிலேயே கிடைக்கலாயிற்று. மதுக்கரையில் 1934லும் டால்மியாபுரத்தில் 1939லும் ஆலைகள் தொடங்கின. நாட்கணக்கில் ஊறி அரைபட்ட சாந்தின் இடத்தை, சில மணி நேரத்தில் இறுகும் சிமெண்ட் பிடித்தது. காளவாய்களுடன் கொத்தனார்களின் வேலையும் குறைந்தது.

இவ்வீடுகள் பெரும்பாலும் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருமணம், அறுபதாம் கல்யாணம் போன்ற விழாக்களுக்குத் திறக்கப்படும். அவசரமாகப் புதுப்பிக்கும்போது மங்கிய சுவர்மேல் டிஸ்டெம்பரோ எமல்ஷனோ அடிப்பது எளிய வழியாகிறது. ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. எமல்ஷன் படலம் அதைத் தடுப்பதால் ஈரம் உள்ளே தங்கி, பூச்சு கொப்பளித்து உரிகிறது. விரிசலைச் சிமெண்டால் அடைத்தால், கடினமான அந்த ஒட்டு அசையாமல் நிற்க, சுற்றியுள்ள பழைய பூச்சு உடைகிறது.

மீட்டல்

மங்கிய பூச்சு அழிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. பல இடங்களில் மெருகு வண்ண அடுக்கின் கீழே அப்படியே இருக்கும். காரின் பெயின்ட்டைப் புதுப்பிப்போர் ‘க்ளே பார்’ எனும் பிசைகட்டியால் ஒட்டிய துகள்களை முதலில் எடுத்துவிட்டுப் பிறகே பாலிஷ் போடுகின்றனர். சுவருக்கும் அதே வரிசைதான்: முதலில் மேலே படிந்ததை நீக்குதல், பிறகு தேய்த்தல். வெள்ளையடிப்பை ஈரப்படுத்தி மரச்செதுக்கியால் மெல்லச் சுரண்டலாம். அழுக்குக் கறைகளை ஈரக் களிமண் குழம்பைப் பற்றாகப் போட்டு உறிஞ்சச் செய்வது உண்டு. எமல்ஷன் படலத்தை இளக்க அதற்குரிய பெயின்ட் நீக்கியைச் சிறு பகுதியில் சோதித்துப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் மெருகைக் கீறிவிடும். அமிலம் சுண்ணாம்பையே கரைத்துவிடும். சுவரை விரலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களில் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்துவர். உதிர்ந்த இடத்தில் பழைய கலவையையே பூசிக் கல்லால் தேய்ப்பர்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. விடுதிகளாக மாற்றப்பட்ட சில வீடுகளில் பழைய பூச்சு பேணப்படுகிறது. சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் இன்றும் கிடைக்கின்றன. ஈரம் வற்றும் தருணத்தை விரலால் அறியும் பயிற்சியோ, வேலை செய்யும் கொத்தனாரின் அருகில் நின்றுதான் கிடைக்கும். பழைய சுவர் ஒன்றைப் பழுதுபார்க்கும் ஒவ்வொரு முறையும் அப்பயிற்சி இன்னொரு கைக்குச் செல்ல வாய்ப்பாகிறது. அதன்மேல் எமல்ஷன் அடிக்கும்போது அந்த வாய்ப்பும் மறைகிறது.