மேசன் கரண்டியும் மத்தியான நேரமும்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வீடு எழும்பும் இடங்களில் பெரும்பாலும் மேசன் பாஸும் ஆண், கையாளும் ஆண். கல்லும் மண்ணும் சுமக்கப் பெண்ணுக்கு வலு போதாது என்று காரணம் சொல்கிறார்கள். இப்பகுதி அடங்கும் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றோடு அந்தக் காரணம் பொருந்தவில்லை. பெண்களின் பகற்பொழுதைத் தோட்டம் பங்கிட்ட விதமே அவர்களைக் கட்டட வேலைக்கு வெளியே நிறுத்தியது என்பது என் முடிவு.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து திரும்பிய ஆண்கள். இலைநோய் கோப்பியை அழித்து மலையெங்கும் தேயிலை பரவியபோது ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க ஆள் தேவைப்பட்டது. குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். கொழுந்து பெண்ணுக்கு, கவ்வாத்தும் (செடி கத்தரிப்பு) கான் வெட்டும் (வடிகால் வெட்டு) ஆணுக்கு என்ற பிரிவினை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் வேரூன்றியது. 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் ரயில் எட்டியது. அதற்குள் அந்தப் பிரிவினை ஏதோ இயற்கை விதி போல ஆகிவிட்டிருந்தது. 1929 இன் குறைந்தபட்சக் கூலி அதற்கு எண் வடிவமும் கொடுத்தது: உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் செங்குத்து மலையில் நாள் முழுதும் ஏறி இறங்குகிறவளின் உழைப்பை ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்காகச் சட்டமே விலை பேசியது. வலுவைப் பற்றிய பேச்சுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு தேவையில்லை.

1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் நாட்கூலி சமமானது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நேரம் சமமாகவில்லை. கவ்வாத்தும் கான் வெட்டும் அளந்து கொடுக்கும் வேலை. முடித்தவர் மத்தியானமே மலையிறங்கலாம். கொழுந்தெடுப்பவர் மாலை நிறுவை வரை காத்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே பேர்தான் (ஒரு நாள் கூலிக்கான பதிவு) விழுகிறது. அதற்கு மேல் தண்ணீர், விறகு, சமையல் எல்லாம் அவள் தலையில். மேசன் வேலையோ பெரும்பாலும் பாஸின் பக்கத்தில் நின்று பழகுவது: சாந்து குழைத்து, கல் எடுத்துக் கொடுத்து, தூக்குக்குண்டு பிடித்துப் பல மாதம் கழிந்த பிறகே கரண்டி கைக்கு வரும். அப்படி நின்று பழக ஆணுக்கு ஒரு மத்தியானம் கிடைத்தது. பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

இது நமது பண்பாடு என்பார்கள் சிலர். தோட்டத்துக் குடும்பங்களில் பலவற்றின் பூர்விகம் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கம். அங்கே செங்கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாள் பெண் இல்லாத கட்டடத்தைக் காண்பது அரிது. பண்பாடு தடுத்திருந்தால் அங்கேயும் தடுத்திருக்க வேண்டும். ஆனால் தமிழகம் இன்னொன்றையும் காட்டுகிறது: காலமெல்லாம் சித்தாளாக உழைத்த பெண் கொத்தனாராவது அபூர்வம். ஆகவே வேலைத்தளத்தின் வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. சுமை அவளுக்கு, தொழில் அவனுக்கு என்றே அது முடியும்.

தூரம், பாதுகாப்பு, கழிப்பறை பற்றிய தயக்கம் வேறு வகை. அது நியாயமானது, நகரத்து வேலைத்தளங்களைப் பொறுத்தவரை என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் இப்போது பெரிய கட்டட வேலை லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பக்கத்திலேயே நடக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபின், பாதுகாப்பான இடத்தில் தனி வீடு என்ற கோரிக்கை வலுத்தது. இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 இல் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களில் ஒவ்வொரு பாஸோடும் தோட்டத்துப் பெண்கள் சிலரைச் சேர்க்கலாம். பழகும் நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும், கொழுந்து மலையிலிருந்து அந்த நேரத்துக்கு விடுவிக்க வேண்டும், முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் அவர்கள் கைக்கு வர வேண்டும். கூலி கொடுக்காத பயிற்சி என்றால் ஒரு நாள் பேரை இழந்து யாரும் வரமாட்டார்கள்.