பொது விநியோகத் திட்டம் (தமிழ்நாடு)

அரிசி பெறும் குடும்ப அட்டை வைத்திருக்கும் எவரும் வருமானச் சான்று காட்டாமல் ரேஷன் கடையில் அரிசி வாங்கலாம் என்பது தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தின் அடிப்படை. கூலித் தொழிலாளியும் அரசு ஊழியரும் ஒரே வரிசையில் நிற்கும் இந்த முறையை வீண் செலவு என்று விமர்சிப்பவர்கள் உண்டு. ஆனால் ஏழையைத் தவறவிடாமல் சென்றடைய இதைவிட நம்பகமான வழி இல்லை என்பதையே இத்திட்டத்தின் வரலாறு காட்டுகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் தொடங்கிய உணவுப் பங்கீட்டை 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி நீக்கினார். 1960-களின் அரிசித் தட்டுப்பாடு அதை மீண்டும் அரசியலின் நடுவே கொண்டுவந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதியோடு 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு, அதைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதிச்சுமையால் மாநிலம் முழுதும் விரிவுபடுத்த முடியவில்லை. நிலைத்தது அந்த விலையைவிட அமைப்புதான். 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தன. பிற மாநிலங்கள் பலவற்றில் கடை நடத்திய தனியார் முகவர்கள் தங்கள் குறைந்த கமிஷனை ஈடுகட்டச் சரக்கை வெளிச்சந்தையில் விற்கும் நெருக்கடி இருந்தது. இங்கே அந்த நெருக்கடி பெருமளவு குறைந்தது.

1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று குடும்பங்களைப் பிரித்தது. தினக்கூலியின் வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மழை பொய்த்த ஆண்டில் கோட்டுக்கு மேலிருந்த குடும்பம் கீழே போய்விடும், பட்டியலோ மாறாது. பட்டியலில் இல்லாத ஏழைகள் வெளியே தள்ளப்பட்டனர். 2002-இல் அபிஜித் சென் குழு அனைவருக்குமான முறைக்கே திரும்பப் பரிந்துரைத்தது. அனைவருக்குமான முறையில் நின்ற தமிழ்நாடும் ஒருமுறை தடுமாறியது. 2000-களின் தொடக்கத்தில் ஜெயலலிதா அரசு, ஓரளவு வருமானமுள்ள குடும்பங்களின் அட்டைகளில் ‘எச்’ முத்திரையிட்டு அவர்களுக்கு அரிசியை நிறுத்தியது. 2004 மக்களவைத் தேர்தலில் அவரது கட்சியின் அணி தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளையும் இழந்ததும் அம்முடிவு கைவிடப்பட்டது. நடுத்தரக் குடும்பமும் நிற்கும் வரிசையை எந்த அரசும் எளிதில் கலைத்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வசதியானவருக்கும் மானியமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதிலின் ஒரு பகுதி கடையிலேயே இருக்கிறது. ரேஷன் அரிசி வேண்டாதவர் அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை பெறும் அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். யார் விலகுவது என்பதை அதிகாரி அல்ல, குடும்பமே முடிவு செய்கிறது. எஞ்சிய செலவு உண்மையான செலவுதான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயன் தமிழ்நாட்டில் கிராமங்களில் 62.55 சதவீதத்தினருக்கும் நகரங்களில் 37.79 சதவீதத்தினருக்கும்தான். 2016 நவம்பரில் மாநிலம் அச்சட்டத்தில் இணைந்தபோது, சட்டப்படியான அரிசி கிலோ 3 ரூபாய்க்கும் அதற்கு மேற்பட்டது 8.30 ரூபாய்க்கும் மத்தியத் தொகுப்பிலிருந்து வந்தது. கடையில் 2011 முதல் அரிசி இலவசம் என்பதால் அந்த முழுத் தொகையும் அப்போது மாநிலத்தின் பொறுப்பாக இருந்தது. கேரள எல்லை வழியாக அரிசி கடத்தப்படுவதும் உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு எல்லையிலும் கிடங்கிலும் கண்காணிப்பு. அட்டைதாரரைக் கழிப்பது அல்ல.

அரிசி நிலவுடைமையையோ கூலியையோ மாற்றிவிடாது. ஆனால் கடன் வாங்கிச் சாப்பிடும் நாள்களைக் குறைக்கிறது. இந்த முறையின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. திருப்பூர் ஆலைகளில் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர், 2020 அக்டோபரில் இங்கு நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தின் மூலம் அரிசி பெற வேண்டுமானால், சொந்த மாநிலத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். அங்கே விடுபட்டவர் இங்கேயும் விடுபடுகிறார்.