தேவ அழைத்தலும் ஆசிரியர் பற்றாக்குறையும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இந்தியன் ரிவர் என்ற சிற்றூரில் ஒரு பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. 500க்கும் மேற்பட்ட பொம்மைகள், பெரும்பாலும் கன்னியாஸ்திரிகள். ஒவ்வொரு சபைக்கும் உரிய அங்கி, முக்காடு, ஜெபமாலை எல்லாம் சின்ன அளவில் தைத்து மாட்டியிருக்கிறார்கள். 1950களில் இப்படிப்பட்ட பொம்மைகள் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் போயின. தேவ அழைத்தல் கண்காட்சி என்று நடத்தி, எந்தச் சபைக்கு எந்த உடை என்று சிறுமிகளுக்குக் காட்டுவார்கள்.

கன்னியர் மடப் பள்ளியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கும் வெளியூர் சிஸ்டர்கள் வந்து பேசினார்கள், கோடை முகாமுக்குப் பெயர் கேட்டார்கள். ஆனாலும் அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே எண்கள் பெரியவை. பக்தியின் மொழிக்கு அடியில் ஓடிய கூலிக் கணக்கு அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மாமன்றம், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அரசாங்கப் பணம் கிடையாது. பங்கு மக்களோ அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள். ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? விடை கன்னியர் மடத்தில் இருந்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த பெண்ணுக்குச் சம்பளம் என்று ஒன்று வேண்டியதில்லை. சபைக்கு ஒரு சிறு படித்தொகை கொடுத்தால் போதும். 1950இல்கூட அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேர் துறவியர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

ஆக, பள்ளி நடக்கக் கன்னியர் வேண்டும். கன்னியர் கிடைக்கப் பள்ளி வேண்டும். வகுப்பில் சூட்டிகையான பெண்ணைக் கண்டால் சிஸ்டருக்கு அவளை விட மனம் வராது. கரும்பலகை துடைக்க, பீடத்துக்குப் பூ வைக்க என்று கூடவே வைத்துக்கொள்வதும், “நீ யோசித்துப் பார்த்திருக்கிறாயா?” என்று ஒருநாள் மெல்லக் கேட்பதும் பலருடைய நினைவுக் குறிப்புகளில் வருகின்றன. எட்டாம் வகுப்பு முடித்த பதினான்கு வயதுப் பெண்களை மடத்தோடு சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் தங்கவைத்துப் பழக்கிய சபைகளும் உண்டு. பதினான்கு வயதில் ஒருத்தி கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம்தான்.

ஆனால் அந்தப் பெண்களை ஏமாந்தவர்கள் என்று எழுதிவிட்டு நகர முடியாது. ஒரு தொழிலாளியின் மகளுக்கு அன்று வேறு என்ன வழி? தொழிற்சாலை, வீட்டுவேலை, அப்புறம் கல்யாணம், ஆண்டுக்கொரு பிரசவம். மடத்திலோ பள்ளித் தலைமை, மருத்துவமனை நிர்வாகம், கல்லூரி முதல்வர் பதவி எல்லாமே பெண்கள் கையில். சிகாகோவில் 1930இல் திறக்கப்பட்ட மண்டலைன் கல்லூரியைக் கட்டி நடத்தியவர்கள் கன்னியர்களே. இப்படிப்பட்ட அதிகாரம் உள்ள பெண்களை ஒரு சிறுமி தினமும் நேரில் பார்த்த இடம் அவளுடைய பள்ளிதான். அழைப்பு என்று அவள் காதில் விழுந்ததில் இந்த ஆசையும் கலந்திருக்கும். கலந்தால் என்ன குறை?

எல்லாச் சிறுமிகளையும் அழைக்கவும் இல்லை. கறுப்பினப் பெண்கள் விண்ணப்பித்தபோது வெள்ளையர் சபைகளில் பெரும்பாலானவை கதவை அடைத்தன. அதற்கு வெகு முன்பே, 1829இல், அடிமைமுறை நடப்பிலிருந்த பால்டிமோரில் மேரி லாங்கே கறுப்பினப் பெண்களுக்கென ஒரு சபையைத் தொடங்க வேண்டியிருந்தது. அழைப்பவர் கடவுள் என்று சொல்லிக்கொண்டே, யார் காதில் விழலாம் என்பதை மடத்துத் தலைவிகள் முடிவு செய்தார்கள். சாதி தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போருக்குப் பின் பிள்ளைகள் பெருகினார்கள். 1960களின் தொடக்கத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் படித்தார்கள். ஒரே வகுப்பில் ஐம்பது, அறுபது பேர். அழைத்தல் வாரம், அழைத்தல் மன்றம் என்று பள்ளிகள் பரபரத்தது இந்த நெருக்கடியில்தான். பட்டம் பெறாத இளம் கன்னியர் நேரே வகுப்பறைக்கு அனுப்பப்பட்டார்கள். கோடை விடுமுறை தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஒரு பட்டம் வாங்க இருபது ஆண்டுகள்கூட ஆகும். இதை ‘இருபதாண்டுத் திட்டம்’ என்று அவர்களே கேலி செய்துகொண்டார்கள். 1949இல் சிஸ்டர் மடலேவா உல்ஃப், முதலில் படிப்பு, பிறகு வகுப்பறை என்று கத்தோலிக்கக் கல்வியாளர்கள் முன்னிலையில் வாதாடினார். 1954இல் கன்னியரின் கல்விக்கென்றே ஓர் அமைப்பு உருவானது. அதைக் கேட்டு மகிழாத ஆயர்களும் பங்குத் தந்தைகளும் உண்டு. படிக்கப் போகும் ஒவ்வொரு கன்னிக்கும் பதிலாக, சம்பளம் கேட்கும் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டுமே!

லாஸ் ஏஞ்சலிஸில் இது வெடித்தது. 1967இல் மாசற்ற இருதய சபைக் கன்னியர், அனிட்டா காஸ்பரி தலைமையில், சில முடிவுகள் எடுத்தார்கள். உடை விஷயம் அவற்றில் ஒன்று. பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டன. ஆனால் பயிற்சி பெறாதவரை வகுப்புக்கு அனுப்பமாட்டோம், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பவையும் அந்த முடிவுகளில் இருந்தன. கர்தினால் மெக்கின்டயர் இணங்கவில்லை. மறைமாவட்டப் பள்ளிகளிலிருந்து அவர்கள் விலக நேர்ந்தது. 1970இல் 300க்கும் மேற்பட்டோர் வார்த்தைப்பாடுகளைத் துறந்து தனிச் சமூகமாகப் பிரிந்தார்கள். இதை ஒழுங்குமீறல் என்பவர்கள் உண்டு. வேலைநிறுத்தம் என்று படித்தால் எனக்கு நன்றாகப் புரிகிறது.

1965இல் அமெரிக்காவில் கன்னியர் ஏறத்தாழ 1,80,000 பேர். இன்று 40,000க்கும் குறைவு, பெரும்பாலோர் முதியவர்கள். விசுவாசம் குறைந்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். அந்தக் காலத்தில்தான் சாதாரணப் பெண்களுக்குக் கல்லூரியும் வேலையும் கருத்தடை மாத்திரையும் கைக்கெட்டின என்பதை அந்த விளக்கம் கண்டுகொள்வதில்லை. சம்பளமில்லா ஆசிரியர்கள் போனதும் பள்ளிக் கட்டணம் ஏறியது, பள்ளிகள் மூடப்பட்டன. சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை. வயதான கன்னியரைக் காப்பாற்ற 1988 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் நாடு முழுவதும் கோயில்களில் காணிக்கை திரட்டுகிறார்கள்.

நம் ஊரில் கணக்கு வேறு மாதிரி. அரசு உதவிபெறும் பள்ளியில் கன்னியர் ஆசிரியராக இருந்தால் அரசே முழுச் சம்பளம் தருகிறது. பணம் சபைக்குப் போகிறது. அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கில், ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவருக்குத் தனி வருமானமே கிடையாது, திருச்சபைச் சட்டப்படி அவர் உலக வாழ்வுக்கு இறந்தவர் என்று திருச்சபைத் தரப்பு வாதிட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் அந்தப் பெண்ணின் பெயரில்தான் வருகிறது, எனவே வரி பிடித்தாக வேண்டும். வரி போக மீதி வழக்கம்போல் சபைக்கு.